அலுமினியக் குதிரை டிரெய்லரும் ஒரு வெள்ளை வயரும்

இரண்டு குதிரைகளை ஏற்றும் என் அலுமினிய டிரெய்லரின் அதே மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது என்றும், அதை வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டார். பின்விளக்குகளை மறுபடியும் பழுது பார்த்து முடித்த கையோடு அந்தக் கேள்வி வந்ததால், பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

எடை, அளவு, தரை ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விற்பனைத் தாளில் உள்ளபடியே இருக்கின்றன. நான் எதிர்பாராத மகிழ்ச்சி உள்விளக்குகளால் வந்தது. வெயிலிலிருந்து இருட்டுக்குப் பழகக் குதிரையின் கண்ணுக்கு நம் கண்ணைவிட அதிக நேரம் தேவைப்படுவதால், இருண்ட பெட்டிக்குள் ஏற அது தயங்கும். கூரையில் வெள்ளை எல்இடி விளக்குகளைப் பொருத்திய பிறகு, வாசலில் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த என் வயதான பெண்குதிரை தானாகவே ஏறிவிடுகிறது.

எரிச்சல் முழுவதும் எர்த்தில், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழியில்தான். அமெரிக்காவில் வழங்கும் ஏழு முனை பிளக்கில் பழுப்பு பின்விளக்குக்கு, மஞ்சளும் பச்சையும் இடவல இண்டிகேட்டருக்கும் பிரேக் விளக்குக்கும், நீலம் மின்பிரேக்குக்கு என்று தனித்தனி வயர்கள் உண்டு; ஆனால் இவை அனைத்தின் மின்னோட்டமும் டிரெய்லரை இழுக்கும் பிக்கப்புக்குத் திரும்ப இருப்பது ஒரே ஒரு வெள்ளை வயர். நான்கு சக்கரங்களிலும் மின்பிரேக் உள்ள வண்டியில் பிரேக் காந்தங்கள் மட்டுமே ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். இப்படிப்பட்ட நிலையில், என் டிரெய்லரைக் கட்டியவர்கள் ஒவ்வொரு விளக்கின் எர்த்தையும் பக்கத்து அலுமினியச் சட்டத்தில் ஓர் எஃகுத் திருகால் முடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போயிருக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. இரு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். போதாக்குறைக்குக் குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா செம்பைத் தின்று களிம்பேற்றும். சாமான் ஏற்றும் டிரெய்லருக்கு இந்தக் கடைசித் தொல்லை இல்லை.

எர்த் கெட்டால் விளக்கு நேர்மையாக அணைந்துவிடாது. சாதாரண பல்புகள் உள்ள வண்டியில், திரும்ப வழியில்லாத மின்னோட்டம் அடுத்த பல்பின் இழை வழியே புகுந்து செல்வதால், இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்பக்கம் முழுவதும் சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். இதைப் பார்த்துவிட்டு பல்பை மட்டும் மாற்றிப் பணம் வாங்கும் பட்டறைகளின் மேல் எனக்குள்ள கோபம் தனிக் கதை. மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை: விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பிக்கப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட சுழியம் வர வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த முறை அலுமினியச் சட்டத்தை நம்புவதை அடியோடு விட்டுவிட்டு, ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி வெள்ளை வயரை முன்பக்க இணைப்புப் பெட்டிவரை குழாய்க்குள் இழுத்து, இணைப்புகளை உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடினேன். வயரின் மேலுறையைக் குத்திக் கவ்வும் நீல நிற கிளிப்புகள் ஒன்றுவிடாமல் குப்பைக்குப் போயின. நியாயமாகச் சொன்னால், இதே விலையில் வரும் மற்ற டிரெய்லர்களிலும் இதே அலட்சியத்தைப் பார்த்திருக்கிறேன். டெக்சாஸில் 2025 ஜனவரி முதல் வணிகப் பயன்பாட்டில் இல்லாத வாகனங்களுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை என்பதால், வாங்குபவர் தாமே பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

உடற்பகுதி உறுதியானது, இழுக்க இலகுவானது, குதிரைகளுக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வாங்க வேண்டாம் என்பதே. என் டிரெய்லரை மட்டும் விற்பதாக இல்லை. இவ்வளவு வயர் இழுத்த பிறகு இன்னொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. மீறி வாங்குவதானால், டிரெய்லரின் கொக்கியைப் பிக்கப்பின் பின்னால் உள்ள இணைப்பு உருண்டையில் இறக்காமல், பிளக்கை மட்டும் செருகி எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். உருண்டையே கள்ள எர்த்தாக வேலை செய்யும் வண்டிகள் நின்றால் எரியும், குலுங்கினால் அணையும். அவை இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.