எச்சரிக்கை: மலை நடைக்கென்று கட்டிய 27,600 ரூபாய்

பத்து நாட்களாக நான் விடாமல் அழைத்துக்கொண்டிருந்த பயண அமைப்பாளரின் எண் இன்று காலை முதல் உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது. இனி யாரிடமும் பொறுமையாகப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குக் காந்தி சிலையருகே கூடி, டூப்ளே சிலை வரை போய்த் திரும்புகிற நடைக்குழு எங்களுடையது. பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், மூத்தவருக்கு எழுபத்தொரு வயது. குழுவின் பணப்பொறுப்பு என்னுடையது. 23 பேருடைய பணத்தை, மொத்தம் 27,600 ரூபாயை, ஒரே மாலையில் ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியவள் நான் என்பதால், இதை நானே எழுதுவதுதான் முறை.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்தே அந்தப் பக்கம் ஒருநாள் நடந்துவிட்டு வர வேண்டும் என்ற பேச்சு எங்களுக்குள் இருந்தது. பயணங்களையும் நிகழ்ச்சிகளையும் முன்பதிவு செய்கிற ஒரு செயலியில் ஓர் அமைப்பாளரின் விளம்பரத்தைப் பார்த்தோம். காலையில் செஞ்சிக்கு அப்பால் காப்புக்காட்டு ஓரமாக எட்டு கிலோமீட்டர் நடை, வழிகாட்டி, முதலுதவியாளர், காலைச் சிற்றுண்டி, வாழையிலைச் சாப்பாடு, பிற்பகலில் கோட்டை அடிவாரம் என்று எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,400 ரூபாய். செயலியில் அவருக்கு நிறைய நட்சத்திரங்கள் இருந்தன.

விசாரித்த மறுநாளே அவர் எங்களைத் தேடிக் கடற்கரைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். எங்களோடு ஒரு சுற்று நடந்தார். யாருக்கு முழங்கால் வலி, யாருக்குச் சர்க்கரை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எழுபத்தொரு வயதுக்காரரின் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்ததைப் பார்த்துத் தரையில் மண்டியிட்டுக் கட்டிவிட்டார். அந்த ஒரு செயலில் எங்களில் பாதிப் பேர் மனம் கரைந்துவிட்டது. வனத்துறை அனுமதி உண்டா என்று நான் கேட்டதற்கு, உடனே கைப்பேசியில் ஒரு கடிதத்தைத் திறந்து, விரல்களால் பெரிதாக்கி, பச்சை மையில் இருந்த கையெழுத்தையும் அலுவலக முத்திரையையும் காட்டினார். கடிதத்தின் மேற்பகுதி திரையில் தெரியவில்லை. தேதியும் இடமும் மேலேதான் இருக்கும் என்பது முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுக் கணக்குப் பிரிவில் கோப்பு பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பச்சை மையைக் கண்டதும் தலையாட்டிவிட்டேன்.

அதன் பிறகுதான், "அம்மா, செயலி வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேரடியாக எனக்கு அனுப்பினால் ஆளுக்கு 1,200 போதும்" என்றார். 4,600 ரூபாய் மிச்சம் என்று அன்று மாலை குழுவில் பெருமையாக அறிவித்தேன். பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் "ரசீது?" என்று கேட்டார். பணம் போனதைக் காட்டும் திரைப்பிடிப்பே (ஸ்கிரீன்ஷாட்) ரசீதுதானே என்று அவரை மடக்கிவிட்டேன்.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை நான்கரைக்கு வேன் வந்தது, அமைப்பாளர் வரவில்லை. கல்லூரி மாணவர் போலிருந்த ஒரு பையன் ஏறிக்கொண்டு, அண்ணன் திண்டிவனத்தில் சேர்ந்துகொள்வார் என்றான். திண்டிவனத்திலும் இல்லை, செஞ்சியிலும் இல்லை. வழிகாட்டி என்றோ முதலுதவியாளர் என்றோ யாரும் இல்லை. சிற்றுண்டி என்பது ஆறிப்போன இட்லி, ஆளுக்கு மூன்று. காட்டுப் பாதையின் தொடக்கத்தில் வனக்காவலர் எங்களை நிறுத்தினார். பையன் தன் கைப்பேசியில் இருந்த அதே கடிதத்தை நீட்டினான். அவர் அதை மேலிருந்து கீழாகப் படித்தார். அது சென்ற ஆண்டுத் தேதியிட்டது. வேறொரு மாவட்டத்து வனச்சரகத்துக்கு உரியது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்டதை நினைவூட்டி, கோடையில் அனுமதியில்லாமல் ஒருவரையும் உள்ளே விடமுடியாது என்றார். எங்கள் வயதைப் பார்த்துத் தன்மையாகத்தான் பேசினார். அன்று எங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

வேறு வழியில்லாமல் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியின் படிகள் ஆயிரத்துக்கும் மேல். ஐந்து பேர் மட்டும் பாதி வரை ஏறித் திரும்பினார்கள். மற்றவர்கள் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து, குரங்குகளிடமிருந்து பைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். சாப்பாடு வரவேயில்லை. திரும்பும்போது வேன் ஓட்டுநர், தனக்கு வந்தது 2,500 ரூபாய் முன்பணம் மட்டுமே, மீதி 8,500 கொடுத்தால்தான் வண்டியை எடுப்பேன் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் ஏமாந்தவர்தான். கொடுத்தோம். 27,600 போனது போதாதென்று இன்னும் 8,500.

அடுத்த நாள் அமைப்பாளர் எடுத்தார். சிக்னல் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டதாகவும், அடுத்த மாதம் இலவசமாக அழைத்துப் போவதாகவும் சொன்னார். எங்களுக்குப் பயணம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றேன். புதன்கிழமை, கணக்குப் பார்ப்பவர் பேசுவார் என்றார். வெள்ளிக்கிழமை பேசிய அந்தக் கணக்குப் பார்ப்பவரின் குரல் வேனில் வந்த பையனுடையது. செயலி நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினேன்; பணம் தங்கள் வழியாக வராததால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்ற ஒரே பதில் நான்கு முறையும் வந்தது. நீங்களே கடவுஎண் போட்டு அனுப்பியதைத் திரும்ப எடுக்கமுடியாது என்றது வங்கி. எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில், சம்பவம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தது, அங்கே போங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், பணம் புதுச்சேரியிலிருந்துதானே போனது என்கிறார்கள். திண்டிவனம் சாலையில் கொஞ்ச நேரத்திலேயே கடந்துவிடுகிற எல்லை அது. என் புகார் மட்டும் இன்னும் கடந்தபாடில்லை.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. செயலியில் பார்த்த பயணத்துக்குச் செயலிக்கு வெளியே பணம் கட்டாதீர்கள். அனுமதிக் கடிதம் காட்டினால் முழுவதையும் அனுப்பச் சொல்லித் தேதியைப் படியுங்கள், அந்த வனச்சரக அலுவலகத்தையே கேளுங்கள். வேன்காரரிடம் நேராகப் பேசுங்கள். பணம் போய்விட்டால் அன்றைக்கே 1930 என்ற இணைய நிதி மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். நான் ஆறாம் நாள்தான் அழைத்தேன். நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை என்று 2019 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. திங்கட்கிழமை அங்கேதான் போகிறேன்.

இதை எழுதி முடிக்கும் முன் அந்தச் செயலியை மறுபடி திறந்து பார்த்தேன். அவருடைய அடுத்த மாதப் பயணம் விளம்பரத்தில் இருக்கிறது. ஆளுக்கு அதே 1,400 ரூபாய். மேலே ஒரு புகைப்படம்: கோட்டை வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற 23 பேர். வேனில் வந்த பையன், "ஞாபகத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறேன் அம்மா, கொஞ்சம் சிரியுங்கள்" என்று சொல்லி எடுத்த படம் அது. நடுவில் நிற்பவள் நான்.