பன்னிரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஒரு குமிழ்: அட்மாஸ் மிக்ஸிங்கிற்கான மானிட்டர் கண்ட்ரோலருடன் மூன்று ஆண்டுகள்

ஸ்டீரியோவில் மட்டும் மிக்ஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் மானிட்டர் கண்ட்ரோலர் என்பது எனக்கு மேசைமேல் இருக்கும் ஒரு பெரிய வால்யூம் குமிழ், அவ்வளவுதான். அது இல்லாவிட்டாலும் இன்டர்ஃபேஸின் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியின்) முகப்பில் இருக்கும் குமிழைத் திருப்பிக் காலத்தை ஓட்டிவிடலாம். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் மிக்ஸிங்கிற்காக 7.1.4 அமைப்புக்கு (சுற்றிலும் ஏழு, சப்வூஃபர் ஒன்று, மேலே நான்கு) மாறி, பதினொரு ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் அறைக்குள் பொருத்திய பிறகுதான், இவை பன்னிரண்டும் ஒரே அளவில் ஏறி இறங்கவும், ஒலி ஒரே நேரத்தில் காதை எட்டவும், வேண்டும்போது 5.1 ஆகவோ ஸ்டீரியோவாகவோ ஒரே அழுத்தில் மாறவும் நடுவில் ஒரு பொறுப்பான ஆள் தேவை என்பது புரிந்தது. அந்த ஆளாக நான் வாங்கிய, பதினாறு வெளியீடுகள் கொண்ட டிஜிட்டல் கண்ட்ரோலருடன் மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் பட்ட பாட்டில் முக்கால் பங்கை எந்தச் சாதனத்தை வாங்கியிருந்தாலும் பட்டிருப்பேன்.

வாங்குவதற்கு முன் ஏறத்தாழ எட்டு மாதங்கள் மென்பொருள் கண்ட்ரோலரைக் கொண்டே வேலை செய்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் மாலை டிரைவர் முடங்கி, மீண்டும் திறந்தபோது வால்யூம் அமைப்பு தொலைந்துபோய், பன்னிரண்டு வழிகளிலும் முழு அளவில் சத்தம் பாய்ந்தது. மேசைக்கு அடியில் கையை விட்டு மின் சுவிட்சைத் தேடிய அந்த மூன்று நான்கு நொடிகள்தாம் என்னைத் தனிச் சாதனத்தின் பக்கம் தள்ளின. கணினிக்குள்ளேயே ஒலியளவைக் குறைத்தால் தரம் கெடும் என்ற பழைய அச்சம் இன்றைய 32 பிட் ஃப்ளோட் கணக்கில் பெரிதாகச் செல்லாது. ஆனால் கணினி நிலைதடுமாறினால் ஸ்பீக்கருக்கு முன்னால் தடுப்பதற்கு எதுவும் இல்லை என்பது உண்மையான அச்சம். ஆகவே வால்யூம் என்ற வேலை கணினிக்கு வெளியே, கைக்கு எட்டும் ஒரு குமிழில்தான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எஸ்பிஎல் நிறுவனத்தின் எம்சி16 போன்ற முழு அனலாக் கண்ட்ரோலர்களையும், கிரேஸ் டிசைனின் எம்908 போல டிஜிட்டல் உள்ளீடும் அதை அனலாக்காக்கும் மாற்றிகளும் ஒன்றாக அமைந்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அனலாக் வகையில் முடங்குவதற்கு எதுவும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்பீக்கர்வாரியான தாமதம், ஈக்யூ (அலைவரிசைவாரியான அளவுத் திருத்தம்) ஆகியவற்றை வேறெங்காவது வைத்துக்கொள்ள வேண்டும். என் அறை சிறியது, கூரை தாழ்வானது. தாமதமும் ஈக்யூவும் இல்லாமல் ஒப்பேறாது என்பதால் டிஜிட்டல் வகையையே எடுத்தேன்.

முதல் தவறு சேனல் வரிசையில் நேர்ந்தது. டால்பி ரெண்டரரில் (அட்மாஸ் மிக்ஸை ஸ்பீக்கர்வாரியாகப் பிரித்துத் தரும் மென்பொருளில்) நான் வைத்திருந்த வெளியீட்டு வரிசை இடது, வலது, நடு, எல்எஃப்இ (சப்வூஃபருக்கான தாழ்வொலிச் சேனல்), பக்கங்கள், பின்பக்கங்கள், பிறகு மேலே நான்கு என்று போகும். திரைப்பட வழக்கிலோ இடது, நடு, வலது, பக்கங்கள், பின்பக்கங்கள் என்று போய், எட்டாவதாகத்தான் எல்எஃப்இ வரும். கண்ட்ரோலரில் நான் தேர்ந்தெடுத்திருந்த ஆயத்த அமைப்பு இந்த இரண்டாவது வரிசையில் இருந்தது. அதற்குள் இருக்கும் பிங்க் நாய்ஸை (சோதனை இரைச்சலை) ஒவ்வொரு ஸ்பீக்கராக அனுப்பிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தன. கோளாறு கண்ட்ரோலருக்கும் ரெண்டரருக்கும் நடுவில் இருந்ததால் அந்தச் சோதனையில் அது சிக்கவில்லை. வலது சேனலின் ஒலி நடு ஸ்பீக்கரிலும், நடுவின் ஒலி வலது ஸ்பீக்கரிலும், எல்எஃப்இ இடப்பக்கச் சுவரிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரிலும், வலப்பின் ஒலி சப்வூஃபரிலும் போய்க்கொண்டிருக்க, ரிவெர்ப் (எதிரொலிப்பு) ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று ஒரு மணி நேரம் ப்ளகின்னைத் திருகிக்கொண்டிருந்தேன். இடப்பக்க ஸ்பீக்கரின் கூம்பு கண்ணுக்குத் தெரிய உதறத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

அன்றே ஒரு காரியம் செய்தேன். ‘இடது’, ‘வலது’, ‘நடு’, ‘இடப்பின்’, ‘வலமேல் முன்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் என் குரலிலேயே பதிவு செய்து, மிக்ஸிங் செஷனின் தொடக்கத்திலிருந்து அந்தந்தச் சேனலுக்குப் போகும்படி ஒரு கோப்பு உருவாக்கினேன். சப்வூஃபரில் பேச்சு வெறும் முனகலாகத்தான் கேட்கும் என்பதால் அங்கே மட்டும் 50 ஹெர்ட்ஸ் தொனி. மொத்தம் அரை நிமிடம். குரல் சொல்லும் பெயரும் குரல் வரும் திசையும் ஒத்துப்போனால் கணினி முதல் ஸ்பீக்கர் வரையிலான பாதை முழுவதும் சரி. மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் இதைத்தான் முதலில் கேட்கிறேன். விலை கொடுத்து வாங்கிய எந்த அளவீட்டுக் கருவியும் இந்த அளவுக்கு உழைத்ததில்லை.

ஒலியளவை அமைப்பதில் அதிகச் சிக்கல் இல்லை, எல்எஃப்இ ஒன்றைத் தவிர. −20 டெசிபல் பிங்க் நாய்ஸை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்பி, அமரும் இடத்தில் காது உயரத்தில் மைக்கை வைத்து, சி வெயிட்டிங்கில் (தாழ்வொலியையும் பெரும்பாலும் சேர்த்து அளக்கும் மானி அமைப்பில்) 79 டெசிபல் வரும்படி ஒவ்வொரு வழியையும் திருத்தினேன். பெரிய திரைப்பட அரங்குகளுக்கான 85 டெசிபலை இந்தச் சிறிய அறையில் வைத்துக்கொண்டு யாரும் நாள் முழுதும் வேலை செய்ய முடியாது. ஒவ்வொன்றும் 79 என்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒலி பதினொன்றிலும் சம அளவில் சேர்ந்து ஒலிக்கும்போது இன்னும் 10 டெசிபலுக்குச் சற்று மேல் கூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

எல்எஃப்இ கதை வேறு. அந்தச் சேனல் மற்ற சேனல்களைவிட அதன் அலைவரிசைக்குள் 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பது விதி. சாதாரண ஒலியளவு மானியில் பார்த்தால் இந்த 10 டெசிபல் முழுதாகத் தெரியாது. எல்எஃப்இ குறுகிய பட்டையில் இயங்குவதால் ஏறத்தாழ 4 டெசிபல் வேறுபாடுதான் காட்டும். அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் அனலைசரில் பார்த்தால்தான் உண்மை தெரியும். நான் கண்ட்ரோலரில் ‘எல்எஃப்இ +10’ என்ற தேர்வை இயக்கினேன். பிறகு மானியில் 4 மட்டும் தெரிவதைப் பார்த்து, இது வேலை செய்யவில்லை என்று நினைத்து, சப்வூஃபரின் பின்னால் இருக்கும் குமிழையும் மானி 10 காட்டும் வரை ஏற்றிவிட்டேன். அதாவது வேண்டியதைவிட 6 டெசிபல் கூடுதல். என் அறையில் அதிர்வு அபாரமாக இருந்ததால் மிக்ஸில் எல்எஃப்இயைக் குறைத்துக்கொண்டே வந்தேன்; இரண்டு வேலைகள் வெளியே போன பிறகு, கேட்டவர்கள் இருவரும் சொல்லிவைத்தாற்போல் ‘அடி இல்லை’ என்றார்கள்.

இதே இடத்தில் பேஸ் மேனேஜ்மென்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது எளிது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிறிய ஸ்பீக்கர்களால் தாங்க முடியாததை எடுத்துச் சப்வூஃபருக்குத் திருப்புவது ஒரு வேலை. எல்எஃப்இ சேனலை 10 டெசிபல் ஏற்றுவது இன்னொரு வேலை. திருப்பிவிடப்பட்ட தாழ்வொலிக்கு அந்த 10 டெசிபல் சேரவே கூடாது. சப்வூஃபருக்குள்ளேயே ஒரு கிராஸ்ஓவர் (அலைவரிசையைப் பிரிக்கும்) குமிழ் இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிட்டு, வடிகட்டும் வேலையைக் கண்ட்ரோலரிடம் மட்டும் விடவேண்டும். எந்த வேலை எந்தப் பெட்டியில் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் எனக்குத் தலைவலி தீர்ந்தது: வால்யூம் இங்கே, கிராஸ்ஓவர் இங்கே, எல்எஃப்இ ஏற்றம் இங்கே, தாமதம் இங்கே. ஒரு வேலை இரண்டு இடங்களில் நடந்தாலும், எங்குமே நடக்காமல் போனாலும், கேட்பதை நம்ப முடியாது.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. என் முன் ஸ்பீக்கர்கள் 2.1 மீட்டரிலும் மேலே இருப்பவை 1.5 மீட்டரிலும் இருக்கின்றன. இடைவெளி 0.6 மீட்டர், அதாவது 1.75 மில்லிநொடி, 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்கள்) 84 சாம்பிள்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு ஷேக்கரை முன்புறத்துக்கும் கூரைக்கும் நடுவே வைக்க முயன்றபோது, அது எப்போதும் நான் வைத்த இடத்தைவிட மேலேயே போய் ஒட்டிக்கொண்டது. முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கம் காது சாய்வதுதான் காரணம். மேல் ஸ்பீக்கர்களுக்கு 84 சாம்பிள் தாமதம் கொடுத்ததும் ஷேக்கர் சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. பதினொன்றுக்கும் அளவு நாடாவே போதும். சப்வூஃபருக்கு மட்டும் நாடா உதவாது. அதற்குள் நடக்கும் செயலாக்கமும் நேரம் எடுப்பதால் மைக்கை வைத்து அளக்கத்தான் வேண்டும்.

ஈக்யூ திருத்தத்தில் நான் முன்பைவிடக் கஞ்சனாகிவிட்டேன். தொடக்கத்தில் தானியங்கி அளவீடு காட்டிய கோட்டை நேராக்கியே தீருவது என்று நின்றேன். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரில் 86 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலியை அந்த இடத்தில் அழித்துவிடுகிறது. அதில் எவ்வளவு டெசிபல் கொட்டினாலும் திரும்பி வருவதும் அதே அளவு கூடுவதால் பள்ளம் நிரம்பாது, ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். இப்போது மேடுகளை மட்டும் குறைக்கிறேன், அதுவும் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். அதற்கு மேல் ஸ்பீக்கரின் இயல்பை அப்படியே விடுகிறேன். சிலருக்கு இது பிற்போக்காகத் தெரியலாம்.

எல்லா அலைவரிசைகளையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் லீனியர் ஃபேஸ் ஈக்யூ திருத்தத்தையும் சில வாரங்கள் முயன்றேன். 4096 டேப் (கணக்குப் படிகள்) நீளமுள்ள வடிகட்டி, 48 கிலோஹெர்ட்ஸில் 42.7 மில்லிநொடி தாமதம் சேர்க்கிறது. 24 ஃப்ரேம் படத்தில் அது ஒரு முழு ஃப்ரேமைவிடச் சற்று அதிகம். டப்பிங் வசனத்தை உதட்டசைவோடு பொருத்தும் வேலையில் இதை மறந்துவிட்டு ஒரு காட்சி முழுவதையும் முன்னுக்கு நகர்த்திவிட்டேன். இப்போது படத்தோடு செய்யும் வேலைக்கு ஒரு ப்ரீசெட், இசைக்கு ஒரு ப்ரீசெட் என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

அன்றாடம் அதிகம் தேயும் பொத்தான், 7.1.4 இலிருந்து 5.1, ஸ்டீரியோ, ஹெட்ஃபோன் என்று மாற்றுவதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஹெட்ஃபோனில்தான் கேட்பார்கள் என்பதால் இது சொகுசு அன்று. இதில் கவனிக்க வேண்டியது அளவுப் பொருத்தம். டால்பி அட்மாஸ் இசைக்கு உச்சவரம்பு −18 எல்யூஎஃப்எஸ் (சராசரிச் சத்த அளவின் அலகு). ஸ்டீரியோ மாஸ்டர்கள் பொதுவாக அதைவிட வெகு சத்தமாக இருக்கும். இரண்டையும் ஒரே குமிழ் நிலையில் மாற்றி மாற்றிக் கேட்டால் அட்மாஸ் மிக்ஸ் சோகையாகத்தான் தெரியும். ஸ்டீரியோ உள்ளீட்டுக்கு மட்டும் நிரந்தரமாக ஒரு குறைப்பை வைத்த பிறகே ஒப்பீடு நியாயமானது. டால்பியின் பைனாரல் ரெண்டருக்காக (ஹெட்ஃபோனில் சுற்றொலி உணர்வைத் தரும் வடிவத்துக்காக) ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் (தனியாக இடம் குறிக்கப்படும் ஒலிக்கும்) நான் வைக்கும் அருகு, நடு, தொலைவு என்ற குறிப்புகளை ஆப்பிளின் ஸ்பேஷியல் ஆடியோ எடுத்துக்கொள்வதில்லை. அதனால் அதைக் கேட்க ஹெட்ஃபோனுக்குத் தனி உள்ளீடு ஒதுக்கியிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. இயக்கிய பிறகு முழுதாக விழித்தெழச் சாதனம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறது. விசிறியின் இரைச்சல் அமைதியான காட்சிகளில் கேட்பதால் பெட்டியை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு, கையடக்கக் கட்டுப்பாட்டுக் குமிழை மட்டும் மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் வந்த ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, ப்ரீசெட்டுகளின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருந்த தாமத எண்களை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டது. என் குரல் கோப்பில் இது பிடிபடவில்லை, ஏனென்றால் திசைகள் சரியாகத்தானே இருந்தன. ஷேக்கர் மறுபடியும் கூரையில் ஒட்டிக்கொண்டபோதுதான் கண்டுபிடித்தேன். நல்லவேளையாக எண்கள் சுவரில் இருந்த தாளிலும் இருந்தன. பத்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிட்டேன்.

வாங்கும்போது பதினாறு வெளியீடுகள் வாழ்நாளுக்குப் போதும் என்று நினைத்தேன். முன் பக்கவாட்டில் அகல ஸ்பீக்கர்கள் இரண்டும் மேலே இன்னும் இரண்டும் சேர்த்து 9.1.6 ஆக்கினால் பதினாறும் தீர்ந்துவிடும்; தனியாக வைத்திருக்கும் ஸ்டீரியோ ஜோடிக்கு இடம் இருக்காது. பழைய வேலைகளில் பாதி இன்னும் அந்த ஜோடியில்தான் நடக்கிறது. ஆகவே ஆசைப்பட்டு வாங்கிய அகல ஸ்பீக்கர்கள் இரண்டும் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.