ஏறுவது இருக்கட்டும், இறங்குமா? கோத்தகிரி அவசர லோடுக்கு நாங்கள் வண்டி எடுத்த கதை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். இந்த ரோடுதான் எனக்கும் என் மச்சானுக்கும் பிழைப்பு. பசுமைக்குடில்களில் வெட்டிய கார்னேஷன், பட்டன் காளான், சில நாள் ப்ராக்கோலி. எல்லாமே நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. சாயங்காலம் பெட்டி கட்டி முடித்தால் அந்த இரவே கீழே இறக்கியாக வேண்டும். பெங்களூரு போகிற வண்டி நமக்காகப் பத்து நிமிடம்கூட நிற்காது. விட்டுவிட்டால் மறுநாள் அந்தப் பூவுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. திரும்பி வரும்போது மருந்துப் பெட்டி, மோட்டார் ஸ்பேர், யாராவது அவசரமாகக் கேட்ட பம்ப் என்று கொஞ்சம் கிடைக்கும். பெரும்பாலும் காலியாகத்தான் ஏறுவோம்.

பழைய வண்டியை விற்றுவிட்டு அடுத்து எதை எடுப்பது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி, மஹிந்திரா பொலேரோ பிக்-அப் மூன்றும் கணக்கில் இருந்தன. கடைசியில் எடுத்தது பொலேரோ. அதனால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். யாருக்கு வேண்டாம் என்பதையும் கீழே சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விலையில் ஏஸும் சூப்பர் கேரியும் பொலேரோவைவிட நன்றாகவே குறைவு. எண்ணெய்ச் செலவிலும் சின்ன வண்டிதான் லாபம். லைசென்ஸ் கவலை எதற்கும் இல்லை. 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் மறுபடி உறுதி செய்துவிட்டது. பெர்மிட்டில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெர்மிட் தேவையில்லை. ஏஸ், சூப்பர் கேரி இரண்டும் அந்த எல்லைக்கு வெகு கீழே. பொலேரோவில் அதற்குள் அடங்கும் மாடலும் உண்டு, 1.7 டன் ஏற்றும் மாடல் போல எல்லையைத் தாண்டுவதும் உண்டு. ஷோரூமில் லோடு எவ்வளவு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் மொத்த எடையைக் கேளுங்கள். நாங்கள் 3000-க்குள் இருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தோம்.

இனி பாடி அளவு. ஏஸ், சூப்பர் கேரி இரண்டுக்கும் ஏறத்தாழ ஏழு அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பொலேரோவில் எட்டு, ஒன்பது அடிக் கணக்கில் கிடைக்கிறது. பூவுக்கு எடை கம்மி, இடம்தான் அதிகம் வேண்டும். அட்டைப் பெட்டியின் மேல் பெட்டியாக உயரமாக அடுக்கினால் அடியில் இருக்கும் கார்னேஷன் மொட்டு நசுங்கிவிடும். அகலமாகப் பரப்பி அடுக்க இடம் இருந்தால் அந்தக் கவலை இல்லை. இது எங்களுக்கு ஒரு காரணம். முக்கியக் காரணம் வேறு.

மலையில் வண்டி எடுக்கிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "லோடோட ஏறுமா?" நாங்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். ஊட்டி 2240 மீட்டர். அங்கே போனால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள சூப்பர் கேரி இந்த இழப்போடும் நன்றாகவே ஏறுகிறது. ஏஸ் இரண்டு சிலிண்டர். கொண்டை ஊசியில் முதல் கியர் கேட்கும், மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். பொலேரோவில் டர்போ டீசல். அது ஏறுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, எங்கள் வண்டியைப் பல வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, உங்க லோடு மேல போகுதா, கீழ போகுதா?"

கீழேதான். எங்கள் சரக்கு முழுவதும் இறக்கத்தில்தான் போகிறது. ஏறும்போது வண்டி காலி. அப்படியென்றால் ஏறுமா என்ற கேள்வி எங்களுக்கு அவ்வளவு முக்கியமே இல்லை. நோட்டில் நான் எழுதாமல் விட்டது பிரேக்.

எங்கள் பழைய சிறு வண்டியில் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும். எந்தக் கம்பெனி வண்டி என்பது முக்கியமில்லை. நாங்கள் நடத்திய விதத்தில் எந்த வண்டியாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். ஒரு மே மாத இரவு. சீசனில் ஊட்டி வருகிற வண்டிகளைப் பர்லியார், குன்னூர் வழியாக மேலே அனுப்பி, கோத்தகிரி வழியாகக் கீழே இறக்குவார்கள். ஆகவே சீசன் கூட்டம் முழுவதும் எங்கள் ரோட்டில்தான் இறங்கும். அரவேணு தாண்டியதிலிருந்து முன்னால் வரிசையாகக் கார்கள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் விளக்கு எரிகிறது, நின்று நின்று போகிறார்கள். நானும் பெடலில் காலை வைத்தபடியே இறங்கினேன். குஞ்சப்பனைக்கு முன்னால் ஒரு வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல இருந்தது. கால் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணி, முதல் கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்டு மலைப் பக்கத்து மழைநீர்க் கானில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தபோது முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. மேலே மழை தூறிக்கொண்டிருந்தது. ரிம்மில் விழுந்த துளி சுர்ரென்று ஆவியானது. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை, பின்னால் வரும் வண்டிகளுக்கு டார்ச் அடித்துக்கொண்டே நின்றான்.

காரணம் மறுநாள் தெரிந்தது. பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, எங்கள் ஊரிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரேக் ஆயிலில் டாட் 3, டாட் 4 என்று தரம் உண்டு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சானது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1500 மீட்டர். லோடோடு 2 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு தூரம் இறங்கினால் வெளியே விடும் ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்றை எட்டு மணி நேரம் போட்டுவைத்த மாதிரி. அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் எஞ்சினும் காற்றும் டயரும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சின் எடுத்துக்கொள்ளாத பங்கு பெரும்பாலும் பிரேக்கில் உரசித் தேயும் லைனர் தலையில் விழும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் எஞ்சினின் பங்கையும் பிரேக்கிடமே கொடுக்கிறார்கள். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு இறங்கினால் பிரேக் அழுத்தக் காலுக்கு உதவும் பூஸ்டரும் போய்விடும், பெடல் கல்லாகிவிடும். இதை இன்னும் செய்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இந்தக் கணக்கோடு மூன்று வண்டிகளையும் மறுபடி பார்த்தோம். மூன்றிலுமே முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெயரளவில் வித்தியாசம் இல்லை. அளவில்தான் இருக்கிறது. ஏஸுக்கு 12 அங்குல ரிம், சூப்பர் கேரிக்கு 13, பொலேரோவுக்கு 15. சின்ன ரிம்முக்குள் பெரிய டிரம்மை வைக்க முடியாது. 600 கிலோ ஏற்றினால் சின்ன வண்டிகள் இரண்டுமே அனுமதித்த மொத்த எடையை நெருங்கிவிடும். பொலேரோவில் அதே 600 கிலோ ஏற்றினாலும் மொத்தம் 2.3 டன் அளவில்தான் நிற்கும். ஆனால் அதன் பிரேக் 3 டன்னுக்குப் போட்டது. வண்டியே கனமானதால் இறக்கத்தில் அது விடும் ஆற்றலும் அதிகம் என்பது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் பிரேக்குக்கு மிச்சம் இடம் இருக்கிறது. அதோடு 2.5 லிட்டர் எஞ்சின் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்து வைக்கிறது. பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தினால் போதும், பிறகு விட்டுவிடலாம். இடையில் லைனர் ஆற நேரம் கிடைக்கிறது.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. அதாவது லோடோடு இறங்குகிற நாங்கள்தான் ஒவ்வொரு முறையும் நிற்க வேண்டும். கிளட்ச், ஸ்பிரிங் பட்டை, டயர் எதையும்விட பிரேக்குக்குத்தான் இந்தத் தொழிலில் வேலை அதிகம்.

பராமரிப்புச் செலவு எங்களுக்கு இப்படி மாறியது. பழைய வண்டியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை லைனர் மாற்றினோம். ஒவ்வொரு முறையும் ஒரு பகல் போகும். வேலை இழுத்தால் அன்றைய இரவு லோடும் போகும். பூக்காரர் அடுத்த நாளே வேறு வண்டியைத் தேடிவிடுவார். பொலேரோ எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, முன் டிஸ்க்கின் பேடு ஒரு தடவை மாற்றியிருக்கிறோம், பின் லைனர் இன்னும் இருக்கிறது. பிரேக் ஆயிலை ஒவ்வொரு வருடமும் ஆடி முடிந்ததும் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். லோடு தவறாத இரவுகளைக் கணக்கில் சேர்த்தால், டீசலுக்குக் கூடுதலாகப் போகும் பணம் எங்களுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஐந்து வருடம் கழித்துக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரே வருட அனுபவத்தை வைத்துச் சொல்வது நியாயமில்லை. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம் வண்டியை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பெரிய வண்டிக்கு அந்தச் செலவு எப்படி வருகிறது என்பதை அப்போதுதான் பார்க்க வேண்டும்.

சரி, யாருக்குப் பொலேரோ வேண்டாம்? ஹட்டிகளுக்குள் (படுகர் ஊர்களுக்குள்) புகுந்து நான்கு தோட்டத்தில் இரண்டு இரண்டு பெட்டி எடுக்கிறவர்களுக்கு வேண்டாம். டீத்தோட்ட ரோட்டில் எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டால், பொலேரோவை ரிவர்ஸில் எடுத்து ஒதுங்குவதற்குள் உயிர் போய்விடும். காலி பிக்-அப்பின் பின்பக்கம் ஈர மண்ணில் வழுக்கவும் செய்யும். மழைக்காலத்தில் பாடியில் நான்கு மணல் மூட்டை போட்டுத்தான் ஏறுகிறோம். அப்படிப்பட்ட வேலைக்கு நான் சூப்பர் கேரியைத்தான் சொல்வேன். நண்பர் ஒருவருடையதை ஒரு வாரம் வாங்கி ஓட்டினேன், அரை லோடில் அருமையாக இருந்தது, முழு லோடில் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. மேலேயே, கோத்தகிரிக்குள்ளும் குன்னூர் வரையிலும் மட்டும் ஓட்டுவதென்றால் ஏஸ் போதும், ஸ்பேர் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்.

பேட்டரி வண்டி பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏஸ் இ.வி. 2022-இல் அறிமுகமானது. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரியில் சேர்க்கும் என்பதால் எங்கள் மாதிரி வேலைக்கு இயல்பாகவே பொருந்த வேண்டும். ஒரு சிக்கல் எனக்குத் தோன்றுகிறது: பகலெல்லாம் மேலே சார்ஜ் போட்டு, நிறைந்த பேட்டரியோடு இறங்க ஆரம்பித்தால், சேர்க்க இடம் இருக்காது. அப்போது மறுபடி பிரேக்தான் வேலை செய்ய வேண்டும். முக்கால் சார்ஜில் கிளம்பினால் சரியாகலாம். லோடோடு ஓட்டிப் பார்க்கும் வரை இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் எதை எடுத்தாலும் ஒன்று செய்யுங்கள். ஊருக்குள் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பாதி லோடாவது ஏற்றி, கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வரை இரண்டாம் கியரில் இறக்குங்கள். நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்தபடி முப்பது எண்ணுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது என்று அர்த்தம். விலையைப் பேசும் முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.