1,450 ரூபாய் போச்சுங்க: "200 சேனல் இலவசம்"னு விக்கிற ஆன்டெனாவை வாங்கிடாதீங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிப்போடறேன். கோயமுத்தூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. நோட்டுப் புஸ்தகம் அளவுல கறுப்பு அட்டை, மூணு மீட்டர் ஒயர், யுஎஸ்பி-ல சொருகற குட்டி பூஸ்டர். டப்பா மேல "300 மைல், 200 சேனல், மாசக் கட்டணம் இல்லை". விலை 1,450 ரூபாய்.

நம்ப வெச்சது ஒண்ணே ஒண்ணுதான். அட்டை செவுத்துல ஒட்டியிருக்குது, பக்கத்து டிவியில தமிழ்ச் சேனல் கண்ணாடியாட்ட ஓடுது. கடைக்காரர் வேற, "கண்ணு முன்னாடியே ஓடுதுங்களே, இன்னும் என்னங்க யோசனை?"

வீட்டுல மெனு, சேனல், ஆன்டெனா, ஆட்டோ ஸ்கேன். நூறு சதவீதம் முடிஞ்சுது. டிஜிட்டல் 0, அனலாக் 0. பூஸ்டர்ல பச்சை லைட்டு மட்டும் ஜோரா எரியுது. யுஎஸ்பி-ல 5 வோல்ட் வருதுங்கறதுக்கு மேல அந்த லைட்டுக்கு அர்த்தம் கிடையாது. காத்துல சிக்னலே இல்லைன்னா பூஸ்டர் வெறும் இரைச்சலைத்தான் பெருக்கும்.

போன் போட்டா, "ஜன்னலோரமா வெச்சுப் பாருங்க." அடுத்த நாள், "மழை மூட்டமுங்க, ரெண்டு நாள் போகட்டும்." அப்புறம், "600 ரூபாய்க்குப் பெரிய பூஸ்டர் இருக்குதுங்க." நேர்ல போனா, "பில்லுல ரிட்டர்ன் இல்லைன்னு போட்டிருக்குதே, பாக்கலீங்களா?" அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு: டிவிக்குப் பின்னாடி ஹெச்டிஎம்ஐ ஒயர், ஸ்டாண்டுக்கு அடியில செட்-டாப் பாக்ஸ். ஓடினது அதுலங்க! அட்டை சும்மா ஒட்டியிருந்திருக்குது. அதுக்கு 1,450 ரூபாய்.

விவரம் இதுதான். தனியார் சேனல் எதுவும் நம்ம நாட்டுல தரைவழி டவர்ல வர்றதில்லை. எல்லாம் சேட்டிலைட்டு, கேபிள், இன்டர்நெட்டு. தரைவழி டிவி தூர்தர்ஷன் மட்டும்தான். மொட்டை மாடியில கொடைக்கானல் தூர்தர்ஷன் டவரைப் பாத்து கம்பி ஆன்டெனா கட்டின காலம் முடிஞ்சுது. அனலாக் டவர்ல பெரும்பாலானதை 2022-க்குள்ள மூடிட்டாங்க. 2016-ல டிஜிட்டல் தரைவழி 16 ஊர்ல வந்தப்ப தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும்தான். சென்னை இங்கிருந்து ரோட்டுல சுமார் 500 கிலோமீட்டர். பூமி வளைவைத் தாண்டி அந்த அலை இங்க வந்து சேராது, "300 மைல்"னு எத்தனை பெருசா அச்சடிச்சாலும். சேட்டிலைட்டு சிக்னலுக்கோ டிஷ் வேணும், இந்த அட்டை புடிக்காது.

அவசரத்துக்கு ரெண்டு மூணு:

மாசக் காசு வேண்டாம்னா டிடி ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனோட இலவச சேட்டிலைட்டு சேவை) போடுங்க. 60 செ.மீ. டிஷ், நம்ம பக்கம் தென்கிழக்கு பாத்து, ஏறக்குறைய 67 டிகிரி மேல நோக்கி. எல்லாத் தமிழ்ச் சேனலும் வராது, சொல்லிட்டேன்.

கடையில ஓடுற டிவிக்குப் பின்னாடி கையை விட்டு ஒயர் எங்க போகுதுன்னு பாருங்க.

ஏமாந்தா பில்லோட 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. வாங்கறப்பவே "200 சேனல் வரும்"னு பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. எழுதமாட்டாங்க.