ஸ்குரு வைத்த பல்லோடு ஆறு வருஷம்: 68 வயதில் வைத்தது, 74-ல் எப்படி இருக்கிறது?

கீழ்ப் பல்செட் போட்டவர்களுக்குத்தான் தெரியும், டீ குடிக்கும்போது அது மிதக்கும். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சமாளித்துவிடும். கீழே அப்படி ஒட்ட இடமில்லை, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். 2013-ல் மிச்சமிருந்த பற்களை எல்லாம் எடுத்த பிறகு ஆறு வருஷத்தில் மூன்று கீழ் செட் மாற்றினேன். ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் கச்சிதமாக இருக்கும், அப்புறம் தளர்ந்துவிடும். செட்டில் குற்றமில்லை. பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும், அதுவும் மேலைவிடக் கீழ்த்தாடையில் வேகமாகக் கரையும். கடைசியில் ஒட்டும் க்ரீம் இல்லாமல் பேசவே முடியாத நிலை.

2019 ஆகஸ்டில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது பல்லைத் தாங்க எலும்புக்குள் முடுக்கும் டைட்டானியத் திருகு, வைத்துக்கொண்டேன். எங்கள் காரைக்குடிப் பக்கம் இதை ‘ஸ்குரு பல்’ என்பார்கள். அப்போது எனக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, 2016-ல் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த ஆள். தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: “இந்த வயசுல பிடிக்குமா?” பிடித்தது. ஆனால் ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால், நான் பயந்தது ஒன்று, தொந்தரவு கொடுத்தது வேறொன்று.

மூன்று இடத்தில் விசாரித்தேன். முதல் இடத்தில், வயசாகிவிட்டது, எலும்பில் ஒட்டாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் மூன்றே நாளில் மேலும் கீழும் நிரந்தரப் பல், நாலரை லட்சம் என்றார்கள். நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். சர்க்கரை எவ்வளவு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுத்ததுண்டா, கழுத்து, தாடைப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை நடந்ததா, பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உண்டா. கடைசியில், “ஐயா, கையை நீட்டுங்க” என்றார். நடுக்கம் பார்த்தார். சட்டைப் பித்தானைக் கழற்றிப் போடச் சொன்னார். பல் வைக்க வந்தவனிடம் பித்தான் எதற்கு என்று அன்று சிரித்தேன்.

வயதுக்கு மேல் வரம்பு கிடையாது என்று விளக்கினார். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குத்தான் வைக்கக்கூடாதாம், கீழ் வரம்புதான் உண்டு. பெரியவர்களுக்கு எலும்பு ஒட்டக் கொஞ்சம் நிதானமாகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.4 இருந்தது. அதைக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்று மாதம் சாப்பாட்டைக் கட்டி, தினமும் நடந்து, 7.1-க்குக் கொண்டுவந்த பிறகுதான் தேதி கொடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்க நான் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தவில்லை. இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி, அதைத் தொடர்ந்தபடியே செய்தார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் ஒருவர் பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாகவே ரத்த மாத்திரையை நிறுத்தினார். ஸ்டென்ட் வைத்தவர்கள் செய்யவே கூடாத காரியம்.

சிகிச்சை அன்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேரம், ட்ரில் அதிர்வு காதுவரை கேட்கும். வலி கடைவாய்ப் பல் பிடுங்கியதைவிடக் குறைவு. சாயங்காலம் வரை லேசாக ரத்தம் கசிந்தது, மோவாய் பத்து நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. பேரன் யாரோடு சண்டை போட்டீர்கள் என்று கேட்டான். இரண்டு வாரம் கீழ் செட்டே கிடையாது, குழைந்த இட்லியும் கஞ்சியும்தான். பிறகு பழைய செட்டை உள்ளே குடைந்து, திருகு மேல் அழுத்தாதபடி போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், திருகுகளின் தலையில் பந்து போன்ற குமிழை முடுக்கினார்கள். புது செட்டின் அடியில் அதற்கு நேராக இரண்டு குழி, குழிக்குள் ரப்பர் வளையம். வைத்து அழுத்தினால் பிரஸ் பட்டன் மாதிரி ‘டிக்’ என்று உட்காரும்.

நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் குட்டி டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) எடுத்து அளவு பார்த்து முடுக்கியபோதுதான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது என்பது ரகசியம்.

இந்த டைட்டானியம் சமாசாரத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சுவீடனில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் குழல் வைத்து ரத்த ஓட்டத்தைக் கவனித்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் குழல் எலும்போடு ஒன்றிப்போய் வரவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் இது. 1965-ல் முதன்முதலில் வைத்துக்கொண்ட யோஸ்டா லார்சன், 2006-ல் இறக்கும்வரை அந்தத் திருகுகளோடுதான் இருந்தார். நாற்பது வருஷம்! என் திருகுக்கு ஆறு வயதுதான் ஆகிறது.

எனக்கு ஏன் இரண்டு மட்டும்? கீழ்த்தாடையின் முன்பகுதியில், கோரைப்பல் இருந்த இரண்டு இடங்களில், வயதான பிறகும் பெரும்பாலும் கெட்டியான எலும்பு மிச்சமிருக்கும். எலும்பு ஒட்டுப்போடும் வேலை அங்கே பொதுவாகத் தேவைப்படாது. 2002-ல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், கீழே பல்லே இல்லாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சையே இந்த இரண்டு திருகு செட்தான் என்று அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். மேலே சாதாரண செட்டை அப்படியே விட்டுவிட்டேன், அது தொல்லை செய்யவில்லை. ஸ்கேன், இரண்டு திருகு, புது கீழ் செட் எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய் ஆனது. என் காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கைமுறுக்கை உடைத்துக் கடைவாயில் வைத்து மெல்லலாம். கொய்யாவை நறுக்கிச் சாப்பிடலாம். ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தால் பிரச்சினையில்லை. சீப்பு சீடை, ஆறு வருஷத்துக்குப் பிறகு சாப்பிட்ட அன்று உண்மையிலேயே கண் கலங்கியது. கரும்பும் எலும்பு கடிப்பதும் நடக்காது, மேலே இருப்பது சாதாரண செட் என்பதால் முன்பல்லால் கடித்து இழுத்தால் அது கழன்றுவிடும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் இருக்கும், அதுதான் கடிப்பதன் பதத்தை உணர்த்தும். திருகுக்கு அது கிடையாது. சாதத்தில் கல் கிடந்தால் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

பராமரிப்புக் கணக்கை மெக்கானிக் புத்தியோடு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரப்பர் வளையம் வருஷத்துக்கு ஒரு தடவை தளரும், மாற்ற ஐந்து நிமிடம், சில நூறு ரூபாய். முதல் வளையம் மட்டும் சீக்கிரமே, 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் தளர்ந்துவிட்டது. க்ளினிக் மூடியிருந்ததால் இரண்டு மாதம் பழையபடி மிதந்தேன். 2021-ல் வலது குமிழ் லூசானது, திரும்ப முடுக்கினார்கள். 2022-ல் இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதே வருஷம் பின்பக்கம் செட்டுக்கு அடியில் சோறு போக ஆரம்பித்தது. திருகு இருக்கும் இடத்தில் எலும்பு நின்றாலும் பின்னால் கரைவது நிற்பதில்லை, அதனால் செட்டின் அடியை நிரப்பி ரீலைன் செய்தார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது என் குறை.

பெரிய பாடம் 2023-ல் வந்தது. வலது தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இது சகஜமாம். இடது கையால் ஏனோதானோவென்று பிரஷ் செய்தேன். மூன்றாவது மாதம் செட்டைக் கழற்றினால் குமிழைச் சுற்றி ரத்தம். வலி துளிகூட இல்லை, அதுதான் ஆபத்து. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வீக்கம் ஈறோடு நின்றிருக்கிறது, எலும்புக்கு இறங்கவில்லை என்றார் டாக்டர். இறங்கியிருந்தால் திருகு ஆடும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. சுத்தம் செய்து, பிடி தடித்த மென்மையான பிரஷ் கொடுத்தார். அன்றுதான் அந்தப் பித்தான் பரீட்சை புரிந்தது. 68 வயதில் திருகு எலும்பில் பிடிக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 80 வயதில் அதை யார் கழுவுவார்கள் என்று அவர் மட்டும் கேட்டிருந்தார்.

சுற்றி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். அவருக்கு வைத்த மூன்றில் ஒன்று இரண்டாவது மாதமே ஆடி, கையோடு வந்துவிட்டது. வலி இல்லை, எலும்பு ஆறிய பிறகு இன்னொன்று வைக்கலாம் என்றார்கள். சிகரெட்டை விட்டால், என்று ஒரு நிபந்தனையோடு. இன்னும் வைக்கவில்லை.

என் மனைவி எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை வாரம் ஒன்றாக ஐந்து வருஷமாக எடுக்கிறாள். இந்த வகை மருந்தில் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகும் ஆபத்து உண்டு. மாத்திரையில் அது குறைவு, எடுத்த வருஷம் கூடக்கூட ஏறும். புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்தில் அதிகம். டாக்டர் முடியாது என்று சொல்லவில்லை, எலும்பு டாக்டரைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்றார். அவள்தான் “எனக்குக் கழட்டி மாட்டுற பல்லே போதும்” என்றாள். சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது. இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கும் மருந்தைப் பல்லுக்காக நிறுத்துவது லாபமான வியாபாரம் இல்லை.

மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பெரியவர். நல்ல வசதி, மேலும் கீழும் கழற்ற முடியாத நிரந்தரப் பல். நாலு வருஷம் ராஜா மாதிரி சாப்பிட்டார். அப்புறம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு அந்தப் பல்லுக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரியாது, அவரும் வாயைத் திறக்க மாட்டார். ஈறெல்லாம் சீழ்.

அதைப் பார்த்துவிட்டு வந்து டாக்டரிடம் என் கதை என்னவாகும் என்று கேட்டேன். “உங்களுக்கு அந்த நிலைமை வந்தா, குமிழ மட்டும் கழட்டிட்டு மூடி போட்டு ஈறுக்கு அடியில தூங்க விட்டுடலாம் ஐயா. திருகு பாட்டுக்கு இருக்கும்” என்றார். நிம்மதியாக இருந்தது. கழற்றி மாட்டுவதை மட்டமாக நினைத்தவன்தான் நானும்.

போன பொங்கலுக்கு மகள் வந்திருந்தபோது அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கட்டை விரலையும் செட்டின் ஓரத்தில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் வளையம் சீக்கிரம் போய்விடும். முதல் தடவை பயந்து பயந்து தொட்டாள். மூன்றாவது தடவை ‘டிக்’ என்று வந்துவிட்டது. திருகின் கம்பெனி, அளவு, வரிசை எண் எழுதிய அட்டை மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, அதையும் காட்டினேன். “சரிப்பா, ஆனா இப்போதைக்கு நீங்களே கழட்டிக்கோங்க” என்று கையைக் கழுவப் போனாள்.