மே மாதம் பிள்ளைகளை எதில் சேர்ப்பது? தஞ்சைப் பக்கத்தில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: ‘லீவுக்குப் பிள்ளையை எதுல சேர்த்திருக்கீங்க?’ வருகிற பதில்களில் முக்கால்வாசி தனியார் சம்மர் கேம்ப் நோட்டீஸ்தான். அரசும் மாநகராட்சியும் நடத்துகிறவை அந்தப் பேச்சில் வருவதே அபூர்வம். அவை மோசம் என்பதால் இல்லை. எது எங்கே நடக்கிறது என்று யாரும் வீட்டு வாசலில் வந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சொல்லாததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பூங்காவுக்கென்றே தனித் துறை உண்டு. பருவத்துக்கு ஒரு அட்டவணை போட்டு, நீச்சல், ஓவியம், கூடைப்பந்து, முதியோருக்கான நடைக் குழு என்று எல்லாவற்றையும் அந்த ஒரே துறை நடத்தும். நம்மூரில் இந்த வேலை துண்டு துண்டாகக் கிடக்கிறது. இடம் மாநகராட்சியிடம். பயிற்சியாளர் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம். பாட்டு வாத்தியாரும் ஓவிய வாத்தியாரும் கலை பண்பாட்டுத் துறையிடம். கிராமத்துத் திடல் ஊராட்சியிடம். இவற்றை ஒட்டுப் போடும் வேலை கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அந்த ஒட்டுப் போடும் வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதலில் பார்ப்பது, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா, மே முடிந்த பிறகும் அது தொடருமா என்பதைத்தான். கட்டணம் எல்லாம் அப்புறம்.

மாநகராட்சிப் பூங்கா

எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பது இதுதான். தஞ்சாவூரில் பூங்கா என்றாலே பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா. 1870-களில் நகராட்சி அமைத்தது. அங்கே மான் பார்க்கப் போன ஞாபகம் இந்த ஊரில் தாத்தாக்களுக்கும் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உண்டு. 2014-இல் தஞ்சாவூர் மாநகராட்சி ஆனது. ஸ்மார்ட் சிட்டி பணம் வந்தபிறகு இந்தப் பூங்காவையும் புதுப்பித்தார்கள். குடியிருப்புப் பகுதிகளிலும் நடைபாதை, சறுக்குமரம், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் என்று சின்னப் பூங்காக்கள் வந்துவிட்டன. கிராமங்களிலும் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் என்று ஊராட்சிகளில் கட்டினார்கள். சில ஊர்களில் நன்றாக இருக்கின்றன, சில ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து பாருங்கள். மே மாத வெயிலில் அதற்கு முன்னால் சறுக்குமரத்தில் பிள்ளைகள் தொடையை வைக்கவே முடியாது. ஐந்தரைக்கு ஊஞ்சலுக்கு வரிசை நிற்கும். வரிசையில் நிற்கப் பொறுக்காத பிள்ளைகள் உடற்பயிற்சிக் கருவிகளின் மேல் ஏறுவார்கள். அவை பெரியவர்களின் உயரத்துக்குச் செய்தவை. காலை முன்னும் பின்னும் வீசும் அந்தக் கருவியில் இரண்டு சிறுவர்கள் எதிரெதிரே நின்று ஆடுவார்கள், மூன்றாவது பிள்ளை இணைப்பில் விரலை வைக்கும். ‘டேய், கையை எடுடா’ என்று சத்தம் போடுவது பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒரு தாத்தா. காவலாளி இருப்பார், தோட்ட வேலை செய்பவர் இருப்பார். இதை இப்படிச் செய் என்று சொல்லித்தர ஒருவர் இருக்கமாட்டார்.

ஆகவே பூங்கா என்பது மூச்சுவிட ஓர் இடம். சின்னப் பிள்ளைகளுக்கும், வீட்டில் அடைந்து கிடக்கும் பாட்டிகளுக்கும் அது பெரிய வரம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒரு மாதத்தில் எதையாவது கற்றுக்கொண்டு வரவேண்டும் என்றால் பூங்கா மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஒரு சிலம்ப ஆசானையோ யோகா ஆசிரியரையோ அங்கே நிறுத்தினால் போதும், இந்த ஒப்பீட்டில் பூங்கா எங்கேயோ போய்விடும். வெளிச்சமும் தரையும் கழிப்பறையும் ஏற்கெனவே இருக்கின்றன. வேண்டியது ஓர் ஆளின் சம்பளம். மாமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்.

விளையாட்டு அரங்கம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-இல் ஏற்பட்டது. மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரங்கங்கள் அதன் கையில் இருக்கின்றன. தஞ்சாவூரில் அது அன்னை சத்யா விளையாட்டு அரங்கம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடைகாலப் பயிற்சி முகாம் நடக்கும். தடகளம், கைப்பந்து, கபடி, கூடைப்பந்து என்று மாவட்டத்துக்கு மாவட்டம் பட்டியல் மாறும். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்த நேரத்தில் பயிற்சி. முடிவில் சான்றிதழ். முன்பு இலவசமாக இருந்த முகாமுக்கு இப்போது கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தனியார் கேம்புகள் வாங்குவதைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

இங்கே ஆள் இருக்கிறார். அதுதான் பெரிய வித்தியாசம். பயிற்சியாளர் என்பவர் அந்த விளையாட்டை ஆடியவர், அதற்கென்றே படித்தவர். ஓடுகிற பிள்ளையின் குதிகாலைப் பார்த்தே ‘ஷூ சின்னதா இருக்கு, மாத்துங்க’ என்று சொல்லிவிடுகிறார். திறமை இருந்தால் ஜூனிலும் வரச்சொல்வார். அங்கிருந்து விளையாட்டு விடுதி வரைக்கும் வழி இருக்கிறது.

குறை, தூரம். ஒரத்தநாட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ காலை ஆறு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. பெண்பிள்ளை என்றால் அம்மாவும் மகளும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் வந்துபோகலாம். பையனுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும், விடுமுறையில் பள்ளி பஸ் பாஸ் செல்லாது. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்த திட்டம் எல்லா இடத்திலும் வந்துசேர்ந்தால் இந்தக் குறை பாதி தீரும்.

அரங்கத்தில் இருக்கும் நீச்சல் குளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் கருத்தில் டெல்டாப் பிள்ளைக்கு வேறு எதையும்விட முதலில் வேண்டியது இதுதான்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை போனது. எப்போது திறந்தாலும் சில நாட்களில் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்துவிடும். கோடை முழுக்கப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய மணல்வெளியில் திடீரென்று தண்ணீர் ஓடும். எந்த இடத்தில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது என்று மேலே தெரியாது. தஞ்சாவூர் நகரத்தின் ஊடாகவே ஓடும் கல்லணைக் கால்வாய்க்கு, நாங்கள் புது ஆறு என்போம், பல இடங்களில் இப்போது சிமெண்டுக் கரை. பாசனத்துக்கு நல்லது, கடைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் போகும். ஆனால் தவறி விழுந்த பிள்ளை பிடித்து ஏறப் புல்லும் கிடையாது, வேரும் கிடையாது, சரிவு வழுக்கும். ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் திறந்த பிறகு செய்தித்தாளில் வருகிற ‘ஆற்றில் மூழ்கி மாணவர் பலி’ என்ற செய்தியைப் படித்துவிட்டு, பிள்ளையை ஆற்றுப் பக்கம் போகாதே என்று மிரட்டுகிறோம். வாய்க்கால் இல்லாத பாதை இந்த மாவட்டத்தில் எது? போகாதே என்பது பாதுகாப்பு ஆகாது.

எங்கள் அப்பா தலைமுறை படித்துறையில் கற்றது. சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவார்கள், நாலு வாய் தண்ணீர் குடித்தால் நீச்சல் வந்துவிடும். இன்று அந்த மாமா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். குளத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பெண்களுக்குத் தனி நேரம். முதல் நாளில் தண்ணீரில் இறங்கவே விடமாட்டார்கள். விளிம்பில் உட்காரவைத்துக் காலை உதைக்கச் சொல்வார்கள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நனைத்துக் குமிழி விடவேண்டும். என் மகள் கம்பியை விடவே இல்லை. ‘சார், இவ தண்ணிக்கு ரொம்பப் பயப்படுறா’ என்றேன். ‘பயப்படட்டும்மா. பயப்படுற பிள்ளைதான் சொன்னதைக் கேக்கும், பயமில்லாததுதான் எனக்குத் தலைவலி’ என்றார் பயிற்சியாளர். பன்னிரண்டு நாளில் ஆற்றை நீந்திக் கடக்க வராது, அதை யாரும் நம்பிவிட வேண்டாம். ஆனால் தண்ணீரில் விழுந்தால் அலறாமல் மல்லாந்து மிதக்கவும், கரைப் பக்கம் நகரவும் வருகிறது.

இரண்டு விஷயம் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் நீச்சலுடையும் தொப்பியும் வேண்டும். உடைக்காகவே பெண்பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் உண்டு. கையும் காலும் மூடிய நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு உயரக் கணக்கும் உண்டு, நாலடி இருக்கவேண்டும் என்று பல குளங்களில் சொல்வார்கள்.

ஜவகர் சிறுவர் மன்றம்

ஓட்டமும் ஆட்டமும் பிடிக்காத பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் நடக்கிறது. ஐந்து வயது முதல் பதினாறு வரை சேரலாம். பாட்டு, பரதம், ஓவியம், ஊருக்கு ஏற்பச் சிலம்பமோ கிராமிய நடனமோ. சந்தா மிகச் சொற்பம். கோடையில் தனியாகக் கலைப் பயிற்சி முகாமும் வைப்பார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே, இது மே மாதத்தோடு முடிவதில்லை என்பதுதான். ஆண்டு முழுக்கச் சனி, ஞாயிறு வகுப்பு. கோடையில் பென்சில் பிடிக்கப் பழகிய பிள்ளை தீபாவளிக்குள் வண்ணம் கலக்க வந்துவிடும். மாவட்ட அளவில் போட்டிகள் நடக்கும், மேலே போகவும் வழி உண்டு. வீணை செய்கிற, ஓவியப் பலகையில் தங்கத்தாள் ஒட்டுகிற இந்த ஊரில், அந்தக் கலைகளின் பக்கம் சாதாரண வீட்டுப் பிள்ளை கட்டணப் பயம் இல்லாமல் போகக்கூடிய வாசல் இது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையமும் இருப்பதால் வெளிமாநிலக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. பார்ப்பதும் கற்றலில் பாதி. குறை என்று சொன்னால் இடநெருக்கடி. வயது வித்தியாசம் பார்க்காமல் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையிடமும் வர நேரம் ஆகும்.

தனியார் கேம்ப்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே, காலை ஒன்பதரை முதல் மதியம் வரை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அந்த நேரம்தான் முக்கியம், அது நியாயமான தேவை. ஆனால் பத்து நாளில் ரோபோ, அபாகஸ், நடனம், அடுப்பில்லாச் சமையல் என்று எட்டு விஷயத்தைத் தொட்டால் எதுவும் கையில் நிற்காது. என் அக்கா பையன் போன ஒரு கேம்பில் நோட்டீஸில் ‘நீச்சல்’ என்று போட்டிருந்தார்கள்; காற்றடைத்த தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர். சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், யார் சொல்லித்தருகிறார் என்று பெயரோடு கேளுங்கள்.

ஊர்த் திடல்

கிராமத்தில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னவை எல்லாமே பஸ் ஏறிப் போகவேண்டியவை. அவர்களுக்குத் திடல்தான். கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டால்தான் பீரோவிலிருந்து வெளியே வரும்.

திடலைக் குறைத்து எடைபோடக் கூடாது. தஞ்சாவூர் – மன்னார்குடி சாலையில் இருக்கும் வடுவூரைப் பாருங்கள். ஏரிக்கும் பறவைகளுக்கும் பெயர்போன ஊர், கபடிக்கும் அதே அளவு பெயர்போன ஊர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடிய அபினேஷ் அந்த ஊர்க்காரர். அங்கே ஆடி முடித்த அண்ணன்மார் அடுத்த வரிசைக்குச் சொல்லித்தருகிறார்கள். ஓர் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டால் திடல், அரங்கத்துக்கு ஈடாகிவிடும். அண்ணன் வேலைக்கு வெளியூர் போனால் அந்த ஆண்டே புல் முளைத்துவிடும். இன்னொன்று, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளைத் திடலில் பார்க்க முடிவதில்லை. இந்த ஓர் இடத்தில் அரங்கமும் மன்றமும் திடலைவிட மிக உயர்ந்தவை.

சரி, எதைத்தான் எடுப்பது என்று கேட்டால் என் வரிசை இதுதான். நீச்சல் தெரியாத பிள்ளை என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ குளத்தில் ஒரு சுற்று. அது முடிந்ததும், ஆட்டப் பிரியமுள்ள பிள்ளைக்கு அரங்கம், கைவேலைப் பிரியமுள்ள பிள்ளைக்கு மன்றம். சாயங்காலம் பூங்காவுக்கு எல்லோரும் போகலாம். கிராமத்தில் இருப்பவர்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிக்கொண்டால் நீச்சலுக்கு மட்டுமாவது நகரத்துக்கு வந்துபோகலாம், பன்னிரண்டு நாள்தானே. குளத்தில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அரங்க அலுவலகத்தில் போய் விசாரித்துவிடுங்கள். ஆதார் நகலும் பாஸ்போர்ட் அளவுப் படமும் கையில் இருக்கட்டும். மே சுற்றில் இடம் கிடைக்காவிட்டால் ஜூன் சுற்று உண்டா என்று கேட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், பள்ளி திறந்துவிட்டால் கூட்டம் குறைவு.