திருத்திய யாங் கோப்பைப் பையாங்கிடம் கொடுத்தபோது

நெட்கான்ஃப் என்னும் நெட்வொர்க் மேலாண்மை நெறிமுறை வழியாக ரௌட்டர்களையும் சுவிட்சுகளையும் கட்டமைப்பவர்களுக்கு, அந்தக் கட்டமைப்பின் வடிவத்தை வரையறுக்கும் யாங் மொழி பழக்கமானதே. யாங் கோப்புகளைச் சரிபார்க்கும் பையாங் என்னும் இலவசத் திறந்த மூலக் கருவியை, புதிய மாட்யூல்களை (யாங் வரையறைத் தொகுப்புகளை) எழுதுவதற்கு என்பதைவிட, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவற்றைத் திருத்துவதற்கே நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த மதிப்புரையும் அந்த வேலையைப் பற்றியதே.

பைத்தானில் எழுதப்பட்ட கருவி என்பதால் பைத்தான் நிரல்களை நிறுவும் பிப் இருந்தால் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நம் மாட்யூல் இம்போர்ட் செய்யும் மற்ற மாட்யூல்கள் எந்தக் கோப்புறையில் உள்ளன என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். மறந்தால் திரை முழுவதும் பிழைச் செய்திகள் நிரம்பும்.

முதலில் பாராட்ட வேண்டியது, மாட்யூலின் கணுக்களைக் கிளைகளாகக் காட்டும் அதன் மர வரைபடத்தை. 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8340 என்னும் இணையத் தர ஆவணம் வகுத்த குறியீடுகளில், எழுதக்கூடிய கணு 'ஆர்டபிள்யூ' என்றும், படிக்க மட்டுமே இயன்றது 'ஆர்ஓ' என்றும், கட்டாயமற்றது கேள்விக்குறியுடனும் வருவதால், நூற்றுக்கணக்கான வரிகளில் ஒளிந்திருக்கும் தவறு ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஒருமுறை பாக்கெட் எண்ணிக்கைகளைத் தாங்கும் கண்டெய்னருக்கு (பல கணுக்களை உள்ளடக்கும் கணுவுக்கு), படிக்க மட்டுமே என்று குறிக்கும் 'கான்ஃபிக் ஃபால்ஸ்' எழுத விட்டுப்போயிருந்தது. கோப்பை இரண்டு பேர் படித்தும் அது கண்ணில் படவில்லை. மரத்தில் அந்த எண்ணிக்கைகள் 'ஆர்டபிள்யூ' என்று நின்றதும் உடனே புரிந்தது.

ஆனால் நான் இக்கருவியை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதன் வசதிதான். வெளியிட்டுவிட்ட மாட்யூலில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதை யாங் 1.1க்கான ஆர்எஃப்சி 7950 (2016) தன் 11ஆம் பிரிவில் வரையறுக்கிறது: வரம்பை விரிக்கலாம், சுருக்கக்கூடாது, 'எனம்' (enum) என்னும் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கக்கூடாது. எம்டியூவின் (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவின்) கீழ் வரம்பை 68இலிருந்து 1280க்கு உயர்த்தியபோதும், வெறும் ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) இருந்த முகவரியை, நல்லெண்ணத்தோடுதான், ஐபி முகவரி வகைக்கு மாற்றியபோதும், பையாங் வரி எண்ணோடு சுட்டிக்காட்டித் தடுத்தது. பழைய மாட்யூலை நம்பி எழுதிய நிரல் அனுப்பும் மதிப்பைப் புதியது மறுத்துவிடும் என்பதே அந்த விதியின் நியாயம். தரவு நிறைவேற்றியாக வேண்டிய 'மஸ்ட்' நிபந்தனையை எழுதும் எக்ஸ்பாத் மொழிக் கோவையை மாற்றினால், முன்பைவிடக் கடுமையாகியிருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லி முடிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. தனக்குத் தீர்மானிக்க முடியாததை அப்படியே ஒப்புக்கொள்ளும் கருவி எனக்குப் பிடிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. எக்ஸ்எம்எல் தரவு மாட்யூலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, பையாங்குடன் வரும், மாட்யூலை டிஎஸ்டிஎல் என்னும் எக்ஸ்எம்எல் சரிபார்ப்பு வடிவங்களாக்கும் மாற்றி யாங் 1ஐ மட்டுமே ஏற்கிறது. எங்கள் மாட்யூல்கள் 1.1இல் இருப்பதால் அந்த வேலைக்கு லிப்யாங் என்னும் இன்னொரு யாங் நிரலகத்துடன் வரும் யாங்லின்ட்டையே நாடுகிறோம்.

இன்னொன்று குறை என்பதைவிட எல்லை: டிஸ்கிரிப்ஷன் என்னும் விளக்க உரையில் எழுதியிருப்பதன் பொருள் அதற்குத் தெரியாது. 'டைம்அவுட்' என்ற லீஃபின் (ஒரே மதிப்பைத் தாங்கும் கணுவின்) அலகை விநாடியிலிருந்து மில்லிவிநாடிக்கு நாங்கள் மாற்றியபோது, அலகு விளக்க உரையில் மட்டுமே எழுதப்பட்டிருந்ததால், பையாங் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. 30 என்று அனுப்பிய பழைய ஸ்கிரிப்ட்டின் இணைப்புகள் கண் இமைக்கும் முன் அறுந்தன. 'யூனிட்ஸ்' வாசகம் தனியாக இருந்து அதை மாற்றியிருந்தால் ஒப்பீட்டிலேயே பிடிபட்டிருக்கும். அன்று முதல், காலத்தையோ வேகத்தையோ குறிக்கும் எந்த லீஃபும் 'யூனிட்ஸ்' இல்லாமல் எங்கள் களஞ்சியத்துக்குள் வருவதில்லை.